நோன்பு

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பேக்கு அலைச்சறுக்க வருவோருக்கு யோகா வகுப்புகளும் உண்டு. யோகா என்றதும் கண்ணில் படுவது ஆசனம்தான். யோக சூத்திரம் தந்த பதஞ்சலியோ ஆசனத்தை மூன்றாம் படியில் வைத்து, அதற்கு முன் ஐந்து யமங்களையும் (விலக்க வேண்டியவை) ஐந்து நியமங்களையும் (கைக்கொள்ள வேண்டியவை) நிறுத்தினார். கொல்லாமை, பொய்யாமை யமத்தில் வரும். தவம் நியமத்தில் வரும். அந்தத் தவத்துக்குரிய பழந்தமிழ்ச் சொல் அதே கரையோரத்தில், பொத்துவிலிலும் கல்முனையிலும், ரமழான் தோறும் முஸ்லிம் வீடுகளில் ஒலிக்கிறது. 'நோன்பு பிடித்தல்' என்கிறார்கள். நோன்றல் என்றால் பொறுத்தல். அதில் பிறந்ததே நோன்பு. அரபியின் 'ஸவ்ம்' விலகியிருத்தலைக் குறிக்க, தமிழ் பேசும் முஸ்லிம்கள் தாங்குதலைச் சொல்லும் சொல்லைத் தேர்ந்தார்கள். எனக்கு இது மிக நுட்பமான தேர்வாகவே படுகிறது.

பொறுப்பது உடம்புதானே, உள்ளத்துக்கு என்ன பயன் என்று கேட்கலாம். திருக்குறளின் 261ஆம் பா தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பதோடு பிற உயிருக்குத் துன்பம் செய்யாமையையும் சேர்த்தே தவத்தின் வடிவம் என்கிறது. நியமமும் யமமும் அங்கே ஒன்றாகின்றன. பொய்யை விடாதவர் உணவை விடுவது இறைவனுக்குத் தேவையில்லை என்பது நபிமொழி. குர்ஆனின் 2:183 நோன்பின் நோக்கமாகச் சொல்வதும் பசியை அல்ல, இறையச்சத்தை. அப்படியானால் நோன்பும் பதஞ்சலியின் தவமும் ஒன்றா? இல்லை. நோன்புக்கு நிய்யத் என்னும் உளநோக்கம் வேண்டும், அது அல்லாஹ்வுக்கானது. பதஞ்சலியின் தவம் மனம் ஒன்றி நிற்கும் சமாதியை நோக்கியது. சேருமிடம் வேறானாலும், ஆசையை அடக்கப் பழகியவருக்கே உள்ளம் தெளியும் என்பதில் இரண்டும் உடன்படுகின்றன.