இயற்கைப் பேரிடரின் மொத்த இழப்பு: ஒற்றை எண்ணின் போதாமை

இயற்கைப் பேரிடரின் பொருளாதாரப் பாதிப்பு இரண்டு வேறு வகைக் கணக்குகளைக் கொண்டது. முதலாவது, அழிந்த அல்லது பழுதான சொத்தின் மதிப்பு: வீடு, சாலை, படகு, மின்கம்பம், கிடங்கில் அடுக்கியிருந்த நெல் மூட்டை. இது பேரிடர் நிகழும்போதே ஏற்பட்டுவிடுகிறது. மதிப்பீட்டாளர் வழக்கில் இதன் பெயர் சேதம். இரண்டாவது, அச்சொத்து மீண்டும் பயன்பாட்டுக்கு வரும்வரை நின்றுபோகும் வருமானமும், அதனால் கூடும் செலவும். இது மாதக்கணக்கில், சில துறைகளில் ஆண்டுக்கணக்கில் நீளும். இதன் பெயர் இழப்பு. 1972 டிசம்பரில் நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவைக் குலைத்த நிலநடுக்கத்தின் பாதிப்பைக் கணக்கிடும் பணியிலிருந்து ஐ.நா.வின் லத்தீன் அமெரிக்க, கரீபியப் பொருளாதார ஆணையம் இந்தப் பகுப்பை வளர்த்தெடுத்தது. 1991இல் அதைக் கையேடாக வெளியிட்டது. ஐ.நா., உலக வங்கி, ஐரோப்பிய ஒன்றியம் மூன்றும் இன்று கூட்டாக நடத்தும் பேரிடருக்குப் பிந்தைய தேவை மதிப்பீடு அதன் வழிவந்ததே.

பகுப்பில் குறையில்லை. இரண்டையும் கூட்டி ஒற்றைத் தொகையாக அறிவிக்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. எதைச் சொத்தாகக் கொள்வது, எந்த எல்லைக்குள் எண்ணுவது, எத்தனை ஆண்டு வரை எண்ணுவது, யாருடைய ரூபாய்க்கு எவ்வளவு எடை தருவது ஆகிய முன்முடிவுகளுக்கு ஏற்ப அத்தொகை மாறும். அவற்றைச் சொல்லாமல் தரப்படும் தொகையை இன்னொரு பேரிடரின் தொகையோடு ஒப்பிட முடியாது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் சாய்த்த தென்னையை எடுத்துக்கொள்ளலாம். தமிழக அரசு மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், சாய்ந்த மரத்தை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். இது நிவாரணத் தொகை, மரத்தின் விலை அல்ல. அதோடு, இது எந்த ஒரு பிரிவிலும் முழுதாகப் பொருந்தாது: வெட்டி அகற்றும் 500 ரூபாய் இழப்பின் பாற்பட்டது, 600 ரூபாயோ எந்தக் கணக்கிலும் சரியாக அடங்காது.

மரத்தின் விலை என்ன? இன்னும் 30 ஆண்டு காய்க்கக்கூடிய மரம், செலவு போக ஆண்டுக்கு 500 ரூபாய் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால வருமானத்தை 8 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 5,630 ரூபாய். வட்டியை 12 சதவீதமாக்கினால் 4,030. 4 சதவீதமாகக் குறைத்தால் 8,650. புயல் ஒன்று, மரம் ஒன்று, வட்டி மட்டும் வேறு. தொகை இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. இன்னொரு வழி, கன்று வைத்து வளர்க்கும் செலவைச் சேதமாகவும், காய்ப்புக்கு வரும்வரை ஏழாண்டு நின்றுபோகும் வருமானத்தை இழப்பாகவும் எழுதுவது. 8 சதவீதத்தில் அந்த வருமானத்தின் இன்றைய மதிப்பு சுமார் 2,600 ரூபாய். நிலமும் கைமுதலும் இருந்து மறுநடவு செய்ய முடிகிறவருக்கு இரண்டாவது வழியே பொருந்தும். வயதாலோ கடனாலோ தோப்பை அப்படியே விட்டுவிடுபவரின் நிலைக்கு முதல் வழி நெருக்கமானது.

5,630ஐயும் 2,600ஐயும் கூட்டுவது மட்டும் எந்த வழியிலும் செல்லாது. சொத்தின் மதிப்பு என்பதே அது தரப்போகும் வருமானத்தின் இன்றைய மதிப்புதான். முழு மதிப்பைச் சேதமாக எழுதிவிட்டு, அதே மரத்தின் ஏழாண்டு வருமானத்தை இழப்பாகவும் எழுதினால் அந்த ஏழாண்டு இருமுறை எண்ணப்படுகிறது. தொழிற்சாலை, விடுதி, வாடகை வீடு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். துறைவாரியாகக் குழுக்கள் தனித்தனியே கணக்கெடுத்து இறுதியில் தொகுக்கும்போது இப்பிழை எளிதில் நுழைந்துவிடும்.

தேங்காய் பறிப்பவர், மட்டை உரிப்பவர், கீற்று முடையும் பெண்கள், கயிறு ஆலைக்குக் கூலிக்குப் போகிறவர் ஆகியோர் பெயரில் சிட்டாவும் இல்லை, அடங்கலில் பதிவும் இல்லை. சாய்ந்த மரம் அவர்களுடையதல்ல என்பதால் அவர்களின் சேதம் சுழியம். அவர்களுக்கு நேர்ந்தது முழுவதும் இழப்புப் பத்தியில்தான் வர வேண்டும். அந்தப் பத்தியோ பெரும்பாலும் மேசைக் கணக்காகவே நிரப்பப்படுகிறது. கிராம நிர்வாக அலுவலரின் பட்டியல் மரத்தை எண்ணும். நின்றுபோன கூலியை எண்ணுவதற்கு அதில் கட்டமே கிடையாது.

கஜாவுக்குத் தமிழக அரசு மத்திய அரசிடம் கோரியது 15,000 கோடி ரூபாய். தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து அந்த ஆண்டு இறுதியில் ஒப்புதலானது 1,146.12 கோடி. இந்த இடைவெளியை மாநிலத்தின் மிகைப்படுத்தல் என்றோ மத்தியின் பாராமுகம் என்றோ படிப்பது அரசியல் மேடை வழக்கம். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் முதல் எண் மறுசீரமைப்பையும் உள்ளடக்கிய கோரிக்கை. இரண்டாவது, விதிமுறைப் பட்டியலில் உள்ள உருப்படிகளுக்கு அலகு விலைப்படி தரப்படும் உடனடி உதவி. ஒன்றைக் கொண்டு மற்றதைச் சரிபார்க்க முடியாது.

அதே 2018இல் கேரள வெள்ளத்துக்குப் பின் வந்த தேவை மதிப்பீடு இந்தியாவில் இம்முறை விரிவாகப் பயன்பட்ட நேர்வுகளில் ஒன்று. சேதம் சுமார் 10,557 கோடி ரூபாய்; இழப்பு சுமார் 16,163 கோடி; மீட்புக்கும் மறுசீரமைப்புக்கும் தேவை ஏறத்தாழ 31,000 கோடி. தேவை, மற்ற இரண்டின் கூட்டுத்தொகையை விடப் பெரிது. பழைய பாலம் இருந்த இடத்தில் அதைவிட உயரமான, வலுவான பாலம் கட்டும் செலவு தேவையில் சேரும். அழிந்த பாலத்தின் மதிப்பில் சேராது. மறுபக்கம், இழப்பு முழுவதையும் அரசு ஈடுகட்டப்போவதில்லை என்பதால் அதில் ஒரு பகுதி தேவைக்குள் வராமலே போகும். செய்தித்தாள்கள் இம்மூன்றையும் மாற்றி மாற்றி "வெள்ளச் சேதம்" என்று எழுதின. கடை, தனியார் மருத்துவமனை, சொந்த வாகனம் போன்ற தனியார் உடைமைகளின் சேதமும், வணிகர், உணவகங்களின் வருமான இழப்பும் தன் கணக்கில் சேரவில்லை என்று அந்த அறிக்கையே சொல்லியிருந்தது. வணிகம் செழித்த மாநிலத்தில் இது சிறிய விடுபாடல்ல. இருந்தும், என்ன விட்டுப்போயிற்று என்பதை வெளிப்படையாக எழுதிய வகையில் அது நல்ல அறிக்கை.

எல்லைச் சிக்கலுக்குத் தாய்லாந்தின் 2011 வெள்ளம் தெளிவான சான்று. உலக வங்கியின் மதிப்பீட்டில் மொத்தம் 1.43 டிரில்லியன் பாட். அதில் இழப்பின் பங்கு பாதிக்கும் மேல். அயுத்தயா வட்டாரத் தொழிற்பேட்டைகள் வாரக்கணக்கில் நீரில் நின்றன. அங்குத் தயாரான ஹார்ட் டிஸ்க்குகள் உலகச் சந்தையில் பெரும்பங்கு வகித்ததால் எங்கும் விலை ஏறியது. வெள்ளம் புகாத ஆலை வைத்திருந்த போட்டி நிறுவனத்துக்கு அது லாபமானது. அந்த லாபத்தைக் கழிப்பதா? அயுத்தயாவின் கணக்கில் கழிக்க இடமில்லை. உலகக் கணக்கில் கழித்தே ஆக வேண்டும். விலையேற்றத்தில் கணினி வாங்கிய அயல்நாட்டுக்காரரின் கூடுதல் செலவையோ எந்த நாட்டு அறிக்கையும் சேர்ப்பதில்லை.

காலத்தின் சிக்கல் இதைவிடக் கடினம். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தனர். நேரடிச் சேதம் சுமார் 10 டிரில்லியன் யென். ஏறத்தாழ ஓராண்டிலேயே தொழில் உற்பத்தி பழைய நிலையை நெருங்கியதால், வளமான நாட்டில் பேரிடர் ஒரு தற்காலிகச் சறுக்கல்தான் என்பதற்கு இதுவே சான்றாக நெடுநாள் எடுத்துக்காட்டப்பட்டது. 2015இல் வில்லியம் துபான், இலான் நாய் இருவரும் கேள்வியை மாற்றிக் கேட்டனர்: நிலநடுக்கம் வராமலிருந்தால் கோபே எங்கிருந்திருக்கும்? பிற மாகாணங்களின் தரவைக் கலந்து, பாதிக்கப்படாத ஒரு கற்பனைக் கோபேயை உருவாக்கி ஒப்பிட்டனர். பத்தாண்டுக்கு மேலாகியும் தலா வருமானம் அந்த ஒப்பீட்டுக் கோட்டை எட்டவில்லை என்பது அவர்களின் முடிவு. துறைமுகம் பழுதுபார்க்கப்பட்டது, பிற துறைமுகங்களுக்குப் போன சரக்கு முழுமையாகத் திரும்பவில்லை. பழைய அளவுக்கு மீள்வதோடு இழப்புக் கணக்கை முடித்துக்கொள்ளும் மதிப்பீட்டில் இந்த நீண்ட பின்னடைவு சேராது.

கடைசி முன்முடிவு எடை பற்றியது. ஒரு லட்சம் ரூபாய் காரும், ஒரு லட்சம் ரூபாய் குடிசையும் அதற்குள்ளிருந்த அனைத்தும் சேதப் பத்தியில் சமம். இதனால் பணக்காரர் பகுதியைக் காக்கும் தடுப்புச்சுவருக்கே செலவு–பயன் கணக்கு பெரும்பாலும் சாதகமாக முடியும். உலக வங்கிக்காக ஸ்டெஃபான் அலகாத்தும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, சொத்து இழப்பின் இடத்தில் நுகர்வு இழப்பை வைத்து, ஏழைகளின் நுகர்வுக்குக் கூடுதல் எடை தந்தது. அந்தக் கணக்கில் உலக அளவிலான பாதிப்பு ஆண்டுக்கு 520 பில்லியன் டாலர். பேரிடர்களால் ஆண்டுதோறும் சுமார் 2.6 கோடிப் பேர் வறுமைக்குள் தள்ளப்படுகின்றனர். எவ்வளவு எடை என்பதும் ஒரு தேர்வுதான். ஆனால் இங்கே அது வெளிப்படையான மாறி. ஏற்காதவர் வேறு மதிப்பிட்டு முடிவு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். எல்லா ரூபாய்க்கும் சம எடை தரும் வழக்கமான மதிப்பீடும் இதே தேர்வைத்தான் செய்கிறது, அறிவிக்காமல்.