பீங்கான் பல்லும் பாக்குக் காவியும்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணிக்குப் பட்டுதான் அடையாளம். அந்தப் பட்டு மணமேடை ஏறும்போதெல்லாம் தாம்பூலத் தட்டும் கூடவே வரும். இரண்டுக்கும் வேதியியல் உறவு உண்டு. பட்டு ஒரு புரதம். கடுக்காயில் உள்ள துவர்ப்புச் சத்தான டானின், புரதத்தைப் பற்றினால் விடாது. பழைய சாயக்காரர்கள் அதனுடன் இரும்பையும் சேர்த்துத்தான் துணிக்குக் கறுப்பு ஏற்றினார்கள். பாக்கிலும் அதே டானின். நம் பல்லின்மேல் எச்சிலின் மெல்லிய புரதப் படலம் எந்நேரமும் படிந்துகொண்டிருக்கிறது. பாக்குத் துவர்ப்பு அதைப் பிடித்துக்கொண்டால், ஈறோரத்திலும் பல்லிடுக்கிலும் செம்பழுப்பாகக் காவி ஏறிவிடும்.

இதே டானினையும் இரும்பையும் கலந்து, மணமான ஜப்பானியப் பெண்கள் அழகுக்காகவே பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். பிரபு குலத்தாருக்கு அந்த வழக்கத்தை அரசு தடை செய்தது 1870இல்.

பிரான்சில் ஒருவருக்கோ கறையே பெரும் தொல்லையாயிற்று. துஷாத்தோ என்ற மருந்துக்காரர் நீர்யானைத் தந்தத்தில் செய்த பல் செட் போட்டிருந்தார். தந்தம் மருந்தின் நிறத்தையும் வாடையையும் உறிஞ்சி நாறியது. பீங்கான் கலங்களில் கறை தங்குவதில்லையே, அதிலேயே பல் செய்தால் என்ன என்று தோன்றியது அவருக்கு. சீனர்கள் நூற்றாண்டுகளாகக் காத்துவந்த பீங்கான் பக்குவத்தை ஜெர்மனியின் மைசன் ஆலை 1710இல்தான் எட்டிப்பிடித்திருந்தது. 1774 வாக்கில் துஷாத்தோ ஒரு பீங்கான் ஆலையில் பல் செட் சுடச் சொன்னார். சூளையில் பீங்கான் சுருங்கும். வாய்க்குப் பொருந்துமாறு செய்யப் பலமுறை முயல வேண்டியிருந்தது.

உதவிக்கு வந்த பல் வைத்தியர் துபுவா த ஷெமான் வேலையைக் கற்றுக்கொண்டார், மேம்படுத்தினார், 16ஆம் லூயி மன்னரிடம் காப்புரிமையும் வாங்கிவிட்டார். துஷாத்தோ வழக்காடித் தோற்றார். எனக்கு அவர்மேல்தான் அனுதாபம். நாற்றத்தைத் தாங்கியவர் அவரல்லவா! பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஷெமான் லண்டனுக்குப் போய் 1791இல் அங்கும் காப்புரிமை பெற்றார். புகழ்பெற்ற வெட்ஜ்வுட் ஆலையிலிருந்து அவருக்குப் பீங்கான் கலவை வந்தது. அழுகாத பல் என்பதுதான் அவருடைய விளம்பரம்.

1808இல் இத்தாலியரான ஃபோன்ஸி, பிளாட்டினம் ஊசி பதித்த தனித்தனிப் பீங்கான் பற்களை அறிமுகப்படுத்தினார். இன்று நாம் ‘கேப்’ என்கிறோமே, அதன் முன்னோடியான பீங்கான் உறைக்கு வழிவகுத்தவர் டெட்ராய்ட் நகரத்து சார்லஸ் லேண்ட். 1927இல் அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்த லிண்ட்பெர்க் அவருடைய மகள் வயிற்றுப் பேரன்!

இந்தியாவில் 1920இல் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கினார். சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்களும் கல்கத்தாவிலும் சென்னையிலும் பரம்பரையாகப் பல் கட்டின.

துஷாத்தோ தேடியது மெருகைத்தான். பீங்கான் கேப்பின் மேல்தோல் கண்ணாடி மாதிரி வழவழப்பானது. அது கெடாதவரை பாக்குக் காவி மேலோடு நிற்கும், கிளீனிங்கில் போய்விடும். ஆனால் காவியைப் போக்க நம் வீடுகளில் கைக்கு வருவது உமிக்கரி, செங்கல் பொடி, சாம்பல், உப்பு. இந்தச் சொரசொரப்பு இயற்கைப் பல்லின் எனாமலையே தேய்க்கும். கேப்பின் மெருகிலோ கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போட்டுவிடும். அப்புறம் காவிக்கு அந்தக் கீறல்களே குடியிருப்பு. பல் சொத்தையைத் தடுக்கப் பூசும் ஃபுளோரைடு ஜெல்லில் அமிலம் கலந்த வகைகூடப் பீங்கானை அரிக்கும். கேப் இருப்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நிறம் பொருத்துவதும் நுணுக்கமான வேலைதான். முந்தானைக்கு ஏற்ற ரவிக்கைத் துணியைப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல, மருத்துவர் 16 சாயல்கள் கொண்ட மாதிரிப் பற்களை நம் பல்லருகே வைத்து ஒப்பிடுவார். காவியோடு போய் உட்கார்ந்தால் காவிக்கு ஏற்ற நிறத்தில்தான் கேப் வரும். பல்லை வெளுக்க வைக்கும் பெராக்சைடு இயற்கைப் பல்லைத்தான் வெளுக்கும். பீங்கானை அது தொடாது. பின்னாளில் மற்ற பற்களை வெளுத்துக்கொண்டால், பழைய நிறத்தில் அந்த ஒன்று மட்டும் தனியாகத் தெரியும். ஆகவே முதலில் கிளீனிங், வேண்டுமானால் வெளுப்பு, நிறம் நிலைக்க இரண்டு வாரம் பொறுத்துக் கடைசியில் கேப்.