நடுத் தெருவில் ஒரு பெயர்க்கல்

எங்கள் கோவிலம்பாக்கத்தில் எந்த அடுக்குமாடி வாசலில் நின்றாலும் பளபளக்கும் கிரானைட் பலகை ஒன்று கண்ணில் படும். கட்டியவர் பெயர், பூமி பூஜை போட்ட நாள், திறந்துவைத்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். மேடவாக்கம் சாலையில் பேருந்து நிழற்குடைக்குக்கூட யார் நிதி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எழுத்தின் அமைப்பைப் பார்க்காமல் ஒரு பலகையையும் கடந்து போக மாட்டேன். அப்படிப் படித்த பலகைகளில் ‘இங்கே ஓர் ஓவியர் வாழ்ந்தார்’ என்று சொல்வதைத் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

என் மகள் பாட்டுக் கற்றுக்கொண்ட டீச்சர் வீட்டுக் கூடத்தில் சங்கீத மும்மூர்த்திகள் படம் மாட்டியிருந்தது. தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் மூவரும் சேர்ந்து அமர்ந்திருக்கும் அந்தப் படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டுத்தான் பாடம் தொடங்கும். பாட்டு வகுப்பு, சபா, தியாகராஜ ஆராதனைப் பந்தல் என்று எங்கும் அந்த முகங்கள்தான். மூவரும் புகைப்படம் இந்த மண்ணில் பரவும் முன்னரே மறைந்தவர்கள். இன்று நம் மனத்தில் பதிந்திருக்கும் அவர்கள் முகத்தை வரைந்து கொடுத்தவர் எஸ். ராஜம். சென்னை மயிலாப்பூர் நடுத் தெருவில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர்.

ராஜம் 1919இல் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயர் வழக்கறிஞர், சங்கீதப் பித்தர். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் அந்தக் குடும்பத்துக்கு மிக நெருக்கமானவர். 1934இல் வந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் பதினைந்து வயது ராஜம் ராமனாகவும், தங்கை ஜெயலட்சுமி சீதையாகவும், தந்தையே ஜனகராகவும் நடித்தார்கள். ராவணன் சபையில் கஞ்சிரா வாசித்த சிறுவன், பின்னாளில் வீணையில் பெரும்பெயர் எடுத்து ‘அந்த நாள்’ படத்தையும் இயக்கிய தம்பி எஸ். பாலசந்தர். ‘சிவகவி’யில் முருகனாக வந்தவரும் ராஜம்தான். சினிமாவில் நிலைத்திருக்கக்கூடிய முகம், குரல் இரண்டும் இருந்தும் அவர் தூரிகையைத் தேர்ந்தெடுத்தார்.

சென்னை ஓவியப் பள்ளியில் அவர் படித்த காலத்தில் தலைவராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. அங்கே கற்பித்த மேற்கத்திய முறையில் ராஜத்துக்கு மனம் ஒட்டவில்லை. அஜந்தாவுக்கும் சிகிரியாவுக்கும் போய்ச் சுவரில் உள்ள கோடுகளைப் பார்த்து வந்தார். நீர்வண்ணத்தைப் பூசி, தாளைத் தண்ணீரில் கழுவி, உலரவிட்டு, மறுபடியும் பூசும் முறையைக் கைக்கொண்டார். பொறுமை இல்லாதவரால் அதில் ஒரு படத்தைக்கூட முடிக்க இயலாது. நான் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முயன்று பாதியில் விட்ட முறை அது. தாள் கிழிந்துவிடும்.

அவர் பாட்டும் அப்படிப்பட்டதே. தீட்சிதர் பரம்பரையில் வந்த அம்பி தீட்சிதரிடம் பாடம் கேட்டவர். தீட்சிதர் முகத்தை வரைந்த கை, தீட்சிதர் கிருதியை அந்த வீட்டாரிடமே கற்றவருடைய கை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கோடீசுவர ஐயர் இயற்றிய ‘கந்த கானாமுதம்’ கீர்த்தனைகளை மேடையிலும் மாணவர்களிடமும் பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2010இல் காலமானார்.

கலைஞர் வாழ்ந்த வீட்டுக்குப் பலகை வைப்பதில் லண்டனைப் பாருங்கள். ஹேக்ஃபோர்டு சாலை 87ஆம் எண் வீட்டில் 1873இல் ஓர் இருபது வயது இளைஞர் குடிவந்தார். ஓவியம் விற்கும் கடையில் எழுத்தர் வேலை. ஓராண்டு மட்டுமே தங்கினார். அப்போது அவர் ஓவியராகவே ஆகவில்லை. பெயர் வின்சென்ட் வான் கோ. 1971இல் அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தத்தின்போது, ஓவியத்தில் ஆர்வமுள்ள பால் சால்கிராஃப்ட் என்ற தபால்காரர் பழைய பதிவேடுகளைப் புரட்டி அந்த வீட்டைக் கண்டுபிடித்தார். 1973இல் அங்கே நீல வட்டப் பலகை ஏறியது. லண்டனில் இந்தப் பழக்கம் 1867இல் கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் தொடங்கியது. பலகை வைத்தும் அந்த வீடு 1889இல் இடிக்கப்பட்டது. ஆனாலும் அவர்கள் நிறுத்தவில்லை. இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. ஒருவர் இறந்து இருபது ஆண்டுகள் ஆக வேண்டும் என்பது அங்குள்ள விதி.

வெளிநாட்டைப் பார்த்துத்தான் நாம் கற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் மதில் கல்வெட்டில் ராஜராஜ சோழன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட ஆடல்மகளிர் நானூறு பேரின் பெயரும் இருக்கிறது. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறார்கள். கலைஞர் வீட்டுக்குக் கல்லில் முகவரி எழுதிய ஊர் தஞ்சை. ஆனால் அதே கோயிலின் உட்சுற்றில் சோழர் கால ஓவியங்களைத் தீட்டியவர்களின் பெயரை நாம் அறியவில்லை. எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் அந்த ஓவியங்களைக் கண்டு உலகுக்குச் சொல்லும்வரை, அவற்றின் மேல் பிற்கால நாயக்கர் ஓவியம் மூடியிருந்தது. நாட்டியத்துக்குக் கிடைத்த இடம் ஓவியத்துக்கு அன்றே கிடைக்கவில்லை.

இன்றும் அதே கதைதான். பேருந்தில் ஏறினால் வள்ளுவர் நம்மைப் பார்க்கிறார். 1964இல் சட்டமன்றத்தில் திறக்கப்பட்ட அந்த உருவத்தை வரைந்த கே. ஆர். வேணுகோபால் சர்மாவின் பெயரைப் பயணிகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

எங்கள் ஊரிலிருந்து சோழிங்கநல்லூர், அக்கரை வழியாக ஈஞ்சம்பாக்கம் போனால் சோழமண்டலம். கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய ஓவியர் கிராமம். பாடிக் துணி செய்து விற்ற காசில் ஓவியர்களே நிலம் வாங்கினார்கள். 1973இல் இளம் வயதிலேயே இறந்துபோன கே. ராமானுஜம் தன் கனவு நகரங்களை வரைந்தது அங்கேதான். கலைஞர்களே ஊர் அமைத்ததால் அங்கே பெயர் நிற்கிறது. நகரத்துக்குள் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டியவர்கள் தெருக்காரர்கள்.

மயிலாப்பூர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். லண்டன்காரர்களைப் போல இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம். இங்கே அதற்குள் ஒரு தெருவின் முகமே மாறிவிடும். நடுத் தெரு முனையில் ஒரு கருங்கல்லை நிறுத்துங்கள்: ‘ஓவியரும் இசைக்கலைஞருமான எஸ். ராஜம் (1919–2010) இந்தத் தெருவில் வாழ்ந்தார். சங்கீத மும்மூர்த்திகளின் உருவத்தை வரைந்தவர்.’ எழுத்து பெரிதாக, நடந்து போகிறவர் நிற்காமலே படிக்கும்படி இருக்கட்டும். எழுத்தை வரைந்து கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.