டி.ஆர்.எச். ஏற்பி: அமைப்பும் சமிக்ஞையும் கட்டுப்பாடும் தெரியவந்த வரலாறு

1960களின் இறுதியில், குளுட்டாமிக் அமிலம், ஹிஸ்டிடின், புரோலின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களையும் எந்த வரிசையில் கோத்துப் பார்த்தாலும் அந்தப் பெப்டைடு வேலை செய்யவில்லை. செம்மறியாட்டு மூளையிலிருந்தும் பன்றி மூளையிலிருந்தும் பிரித்த இயற்கைப் பொருளில் இருந்ததோ இதே மூன்று அமிலங்கள்தாம். பெப்டைடின் இரு முனைகளையும் மூடிய பிறகே அதற்கு உயிர் வந்தது. முன்முனையில் குளுட்டாமிக் அமிலம் வளையமாகிப் பைரோகுளுட்டாமிக் அமிலமாக வேண்டியிருந்தது. பின்முனையில் புரோலின் அமைடாக வேண்டியிருந்தது. டி.ஆர்.எச். எனப்படும் தைரோட்ரோபின் வெளிவிடு ஹார்மோனின் வடிவம் 1969இல் இப்படித்தான் உறுதியானது.

இந்தக் கண்டுபிடிப்பு ரோஜர் கில்லமினுக்கும் ஆண்ட்ரூ ஷாலிக்கும் இடையே நடந்த பந்தயமாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. கில்லமின் குழு ஒரு மில்லிகிராம் ஹார்மோனுக்காக ஏறத்தாழ 3 லட்சம் ஆடுகளின் ஹைபோதலாமஸைக் கரைத்தது. 1977இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பந்தயத்தைப் பற்றிப் புத்தகமும் வந்தது. அந்தப் பரபரப்பில் ஒன்று கவனத்திலிருந்து நழுவிவிட்டது. முனை மூடாத பெப்டைடை ‘தெரியாது’ என்று ஒதுக்கியது யார்? பிட்யூட்டரிச் செல்லின் மேற்பரப்பில் இருந்த, அன்று பெயர் மட்டுமே பெற்றிருந்த ஏற்பி. ஏற்பியின் அமைப்பைப் பற்றிக் கிடைத்த முதல் தகவலே அந்தத் தோல்விதான் என்பது இக்கட்டுரையின் வாதம். அதன் பொருள் முழுதாக விளங்கச் சுமார் கால் நூற்றாண்டு ஆனது.

ஏற்பியை நேரடியாக அளக்க முதலில் உதவியவை ஜி.எச்.3 செல்கள். எலியின் பிட்யூட்டரிக் கட்டியிலிருந்து ஆர்மென் டாஷ்ஜியன் வளர்த்தெடுத்த வரிசை அது. 1973இல் பாட்ரிசியா ஹிங்கிளும் டாஷ்ஜியனும் கதிரியக்கம் ஏற்றிய டி.ஆர்.எச். இந்தச் செல்களில் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் ஒட்டுவதைக் காட்டினர். ஏற்பி என்றால் அப்போது ஒட்டிய கதிரியக்கத்தின் அளவுதான். ஆனால் அந்த அளவை மட்டும் வைத்துக்கொண்டே கட்டுப்பாட்டின் அடிப்படை விதிகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். டி.ஆர்.எச். நீண்ட நேரம் இருந்தால் செல் தன் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறது என்பது 1975இல் தெரிந்தது. தைராய்டு ஹார்மோனும் அவ்வாறே குறைக்கிறது, ஈஸ்ட்ரோஜன் கூட்டுகிறது என்பவை அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே வெளிவந்தன. தைராய்டு சுரப்பு மிகுந்தால் பிட்யூட்டரி ஏன் டி.ஆர்.எச்.சுக்குச் செவிசாய்ப்பதில்லை என்பதற்கு இதில் ஒரு விளக்கம் இருந்தது. பொதுவாக ஒரு மூலக்கூறின் உருவம் தெரிந்த பிறகுதான் அதன் நடத்தையைப் படிப்பார்கள். இங்கே வரிசை தலைகீழ்.

சமிக்ஞை விஷயத்திலும் அப்படியே. அந்நாளில் ஹார்மோனின் செய்தியைச் செல்லுக்குள் கடத்துவது சைக்ளிக் ஏ.எம்.பி. என்பது ஏறக்குறைய எழுதப்படாத சட்டம், டி.ஆர்.எச்.சையும் அதற்குள் அடைக்கப் பார்த்தார்கள். அது அடங்கவில்லை. 1983இல் மார்வின் கெர்ஷன்கார்ன் குழுவும் தாமஸ் மார்ட்டினும் தனித்தனியே காட்டியது வேறு பாதை. டி.ஆர்.எச். ஒட்டிய சில நொடிகளிலேயே செல்சவ்விலுள்ள பாஸ்பாட்டிடைல் இனோசிடால் இருபாஸ்பேட் என்ற கொழுப்பு பிளக்கப்படுகிறது. பிளப்பது பாஸ்போலைப்பேஸ் சி என்ற நொதி. பிளவில் கிடைக்கும் இனோசிடால் முப்பாஸ்பேட் செல்லின் உட்கிடங்கிலிருந்து கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. மற்றொரு துண்டான டைஅசைல்கிளிசரால் புரதக் கைனேஸ் சி-யை எழுப்புகிறது. கால்சியம் முதலில் சட்டென உச்சம் தொடுகிறது, பிறகு வெளியிலிருந்து நுழையும் கால்சியத்தால் தாழ்ந்த மட்டத்தில் நீடிக்கிறது. தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். (தைரோட்ரோபின்), பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்கள் இதனால் வெளிப்படுகின்றன. ஏற்பியையும் நொதியையும் இணைப்பது ஜி-கியூ, ஜி-11 புரதங்கள் என்பது 1992இல் உறுதியானது.

இந்தச் சமிக்ஞை அறிவு இல்லாவிட்டால் ஏற்பியின் மரபணு அந்த வழியில் கைக்கு வந்திருக்காது. புரதத்தைத் தூய்மைப்படுத்தி, அதன் வரிசையை ஒட்டி மரபணுவைத் தேடும் வழக்கமான முறையை விட்டுவிட்டு, 1990இல் கெர்ஷன்கார்ன் குழு தவளை முட்டைகளை நாடியது. சுண்டெலியின் பிட்யூட்டரிக் கட்டியிலிருந்து எடுத்த மரபுச் செய்தியை ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைக்குள் செலுத்தி, மேலே டி.ஆர்.எச். ஊற்றினார்கள். ஏற்பி உருவாகியிருந்தால் முட்டைக்குள் கால்சியம் உயரும், குளோரைடு மின்னோட்டம் பாயும். மின்னோட்டம் தந்த தொகுதியைத் திரும்பத் திரும்பப் பிரித்து, ஒற்றைப் பிரதிக்கு வந்து சேர்ந்தார்கள். சுண்டெலியின் ஏற்பிக்கு 393 அமினோ அமிலங்கள், மனிதனுடையதற்கு 398. சவ்வை ஏழு சுருள்களாக ஊடுருவும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது அது.

இதன் பிறகுதான் 1969இன் புதிர் அவிழ்ந்தது. 1990களில் ஏற்பியின் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றியும் கணினி மாதிரி வரைந்தும் பார்த்தபோது நான்கு எச்சங்கள் முன்னால் வந்து நின்றன. மூன்றாம் சுருளிலுள்ள டைரோசின் 106, ஆஸ்பரஜின் 110 இரண்டும் பைரோகுளுட்டாமிக் வளையத்தைப் பற்றுகின்றன. ஆறாம் சுருளின் டைரோசின் 282 ஹிஸ்டிடினுக்குரியது. ஏழாம் சுருளின் ஆர்ஜினின் 306 புரோலின் அமைடைப் பிடிக்கிறது. ஆக, வேதியியலாளர்கள் தடுமாறி மூடிய இரு முனைகளும் ஏற்பியின் இரு பிடிகளுக்கு நேர் எதிரே உள்ளவை. 2022இல் உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கியில், டி.ஆர்.எச்.சும் ஜி-கியூ புரதமும் சேர்ந்த நிலையில் மனித ஏற்பியின் உருவம் கிடைத்தது. சுருள்களின் நடுக்குழியில், பைரோகுளுட்டாமிக் முனை கீழே செல்ல ஹார்மோன் அமர்ந்திருந்தது. புதிய படம் பழைய மாதிரியின் மையத்தைக் குலைக்கவில்லை. படமே இல்லாமல் அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு உரிய பெருமை இன்னும் போய்ச் சேரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏற்பியின் வால்பகுதி இன்னொரு கதை. செல்லுக்குள் தொங்கும் அந்தப் பகுதியிலுள்ள செரின், திரியோனின் எச்சங்களில், ஹார்மோன் ஒட்டிய ஒரு நிமிடத்துக்குள்ளாகவே பாஸ்பேட் ஏறிவிடுகிறது, ஏற்றுவது ஜி.ஆர்.கே. வகைக் கைனேஸ்கள். பாஸ்பேட் ஏறிய வாலை அரெஸ்டின் புரதம் பற்றிக்கொள்ள, ஜி-புரதத்தின் தொடர்பு அறுகிறது. கிளாத்ரின் பூசிய குழிகளின் வழியே ஏற்பி உள்ளே இழுக்கப்படுகிறது. ஹார்மோன் விலகினால் பாஸ்பேட் கழன்று ஏற்பி மீண்டும் வேலைக்கு வரலாம். 1970களில் எண்ணிக்கைக் குறைவாக மட்டும் தெரிந்ததற்கு ஹிங்கிளின் ஆய்வகமே இப்படி மூலக்கூறு மட்டத்தில் விளக்கம் தேடிக்கொண்டிருந்தது. ஒரே கேள்வியை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் துரத்திய ஆய்வகங்கள் குறைவு.

1998இல் எலியில் இரண்டாவது ஏற்பி கண்டறியப்பட்டது. முதலாவதோடு ஏறக்குறையப் பாதி ஒத்தது. பெரும்பாலும் மூளையில் இருப்பது. ஹார்மோன் இல்லாமலேயே ஓரளவு சமிக்ஞை தருவது. அதைச் சுற்றிப் பல மருந்துக் கனவுகள் எழுந்தன. ஆனால் மனிதனுக்கு அந்த ஏற்பி இல்லை. எலியில் கிடைத்த முடிவுகளை மனித மூளைக்கு நேராகப் பொருத்தும் கட்டுரைகளைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

மனிதனைப் பற்றிய உறுதியான சான்று நோயாளிகளிடமிருந்தே வந்தது. 1997இல் வளர்ச்சி குன்றிய ஒரு சிறுவனுக்கு, இரு பெற்றோர் வழியிலும் வந்த ஏற்பி மரபணுக்கள் பழுதாகியிருந்தது தெரிந்தது. 2009இல் இத்தாலிய மருத்துவர்கள் ஒரு குடும்பத்தை விவரித்தார்கள். 17ஆம் அமினோ அமிலத்திலேயே புரதம் நின்றுவிடும் திரிபு அங்கே இரு பிரதிகளிலும் இருந்தது. டி.ஆர்.எச். செலுத்தியும் டி.எஸ்.எச்.சோ புரோலாக்டினோ உயரவில்லை. ஆனால் அக்குடும்பத்தில் அதே திரிபுடைய பெண் கருவுற்று, குழந்தை பெற்று, தாய்ப்பாலும் ஊட்டியிருந்தார். பால் சுரப்புக்கு டி.ஆர்.எச். இன்றியமையாதது என்று ஜி.எச்.3 செல்களை வைத்து எழுந்த ஊகம் இங்கே வலுவிழந்தது.

இந்த நோயாளிகளில் தைராய்டு ஹார்மோன் குறைந்திருந்தும் டி.எஸ்.எச். உயரவில்லை. உயர்த்தும்படி சொல்லும் ஏற்பியே இல்லாதபோது அது எப்படி உயரும்? எனவே பிறந்த குழந்தையின் குதிகால் ரத்தத்தில் டி.எஸ்.எச்.சை மட்டும் பார்க்கும் பரிசோதனையில் இக்குறை சிக்காது. தைராய்டு ஹார்மோனான டி4-இன் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.