கூம்பும் மைக்கும்: பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டுகள், 1923–1933

ஜாஸ் பாட்டின் வரலாற்றில் 1925ஆம் ஆண்டை எல்லைக்கோடாக வைப்பது வழக்கம். அதற்கு முன்பு மேடை அதிரப் பாடிய குரல்கள். மைக் வந்த பிறகே நெருக்கமும் நுணுக்கமும் என்பது அந்தக் கணக்கு. கொலம்பியா நிறுவனத்துக்காக பெஸ்ஸி ஸ்மித் பாடிய சுமார் 160 பாடல்களைக் கால வரிசையில் கேட்கும்போது இந்தக் கணக்கு நிற்பதில்லை. அவருடைய பாடுமுறை மைக்குக்கு முன்பே முழுமை பெற்றிருந்தது. மைக் தந்தது வேறு ஒன்று.

1925 வரை ஒலிப்பதிவில் மின்சாரத்துக்கு இடமில்லை. பாடகர் ஒரு பெரிய கூம்பின் வாய்க்குள் பாடுவார். அந்தக் காற்றதிர்வு மட்டுமே கூம்பின் மறுமுனையிலுள்ள மெல்லிய தகட்டை ஆட்டும். தகட்டோடு இணைந்த ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் பள்ளம் கீறும். ஆழ்ந்த கீழ்ச்சுரங்களும் 'ஸ்' போன்ற மெல்லிய உரசலொலிகளும் இந்த வழியில் பெரும்பாலும் தொலைந்துபோகும். நடுப்பகுதி ஒலிதான் தட்டில் ஏறும். டென்னசியின் சட்டனூகாவில் தெருமுனையில் பாடிப் பிழைத்து, ஊர் ஊராகக் கூடாரக் கொட்டகைகளில் பாடி வளர்ந்த பெஸ்ஸியின் குரலுக்குக் கூம்பை நிரப்புவது பெரிய காரியமாக இருக்கவில்லை. ஆனால் அந்த வலிமையை மட்டும் புகழ்ந்துவிட்டு நகர்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

1923 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவான 'டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்' அவருடைய முதல் தட்டு. ஆல்பெர்ட்டா ஹன்டரும் லவி ஆஸ்டினும் இயற்றிய பாடல்; ஹன்டரே அதை முந்தைய ஆண்டு பதிவு செய்திருந்தார். பெஸ்ஸிக்குத் துணை கிளாரன்ஸ் வில்லியம்ஸின் பியானோ மட்டும். மெட்டு எட்டும் உயரங்களுக்கெல்லாம் அவர் போவதில்லை. ஏதாவது ஒரு சுரத்தை மையமாகப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள இரண்டு மூன்று சுரங்களிலேயே வரியை முடிக்கிறார். முக்கியமான சொல்லைக் கீழிருந்து வழுக்கி ஏற்றுகிறார். எதிர்பாராத இடத்தில் மூச்சை நிறுத்தி, அடுத்த சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வைக்கிறார். கந்தர் ஷுல்லர் 1968இல் வெளியிட்ட ஆரம்பகால ஜாஸ் பற்றிய நூலில் இந்த மையச் சுர முறையையும் சொல் உச்சரிப்பையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இத்தனையும் கூம்புக் காலத்துச் சாதனை. தட்டு லட்சக்கணக்கில் விற்றது. பெஸ்ஸிக்குக் கிடைத்ததோ பாட்டுக்கு இவ்வளவு என்ற ஒரே தொகை. விற்பனையில் பங்கு கிடையாது.

1925 ஜனவரி 14 அன்று பதிவான 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' கூம்பு முறையின் கடைசி மாதங்களைச் சேர்ந்தது. லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட், ஃபிரெட் லாங்ஷாவின் கால்மிதி ஆர்மோனியம், பெஸ்ஸியின் குரல்: மொத்தம் மூன்றே பேர். ப்ளூஸில் பாடகரின் வரி பாதி இடத்தில் முடிந்துவிடும். மிச்ச இடம் வாத்தியத்துக்கு. ஆம்ஸ்ட்ராங் அந்த இடைவெளிகளில் பதில் சொல்கிறார். ஆர்மோனியம் அசையாமல் நீட்டிப் பிடிக்கும் சுரத்தின் மேல், பெஸ்ஸி முதல் சொல்லை மிக நிதானமாக விரிக்கிறார். பாட்டின் வேகத்தைத் தீர்மானிப்பது அவர் மூச்சுதான். பாடகர் வாத்தியக்காரருக்குச் சமமான ஜாஸ் கலைஞர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அதே ஆண்டு மே மாதம் கொலம்பியா வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் மின்முறையில் பெஸ்ஸியைப் பதிவு செய்தது. சிறிய இடத்தில்தான் மைக் நன்றாக வேலை செய்யும் என்று நம்பிய பொறியாளர்கள், கூரையிலிருந்து துணிக் கூடாரம் ஒன்றைத் தொங்கவிட்டுப் பாடகியையும் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் குழுவினரையும் அதற்குள் உட்கார வைத்தார்களாம்; பதிவின் நடுவே அது எல்லோர் தலைமேலும் சரிந்து விழுந்தது என்று தயாரிப்பாளர் ஃபிராங்க் வாக்கர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கூடாரம் போனது, மைக் நிலைத்தது.

பெஸ்ஸியைச் சூழ்ந்த ஒலிகளில் அதன் பலன் தெளிவாகக் கேட்கிறது. 1927 பிப்ரவரியில் பதிவான 'பேக்வாட்டர் ப்ளூஸ்' பாடலில் ஜேம்ஸ் பி. ஜான்சனின் இடதுகை உருட்டும் கீழ்ச்சுரங்கள் வெள்ளத்தின் இரைச்சலாகவே வருகின்றன. கூம்பு அவற்றை விழுங்கியிருக்கும். (மிசிசிப்பிப் பெருவெள்ளத்தைப் பற்றிய பாட்டு என்று பலரும் எழுதுவது பிழை. கரைகள் உடைந்தது பதிவுக்குப் பிறகு, ஏப்ரலில்.) 1929 மே மாதத்தின் 'நோபடி நோஸ் யூ வென் யூ ஆர் டவுன் அண்ட் அவுட்' இன்னொரு படி. கடைசிச் சுற்றில் சொற்களை விட்டுவிட்டு வாய்மூடி முனகுகிறார். அந்த முனகலின் கனம் முழுவதும் தட்டில் ஏறியது மைக்கால்தான். அதே ஆண்டில் அவர் நடித்த ஒரே படமும் வந்தது. 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' என்ற அந்தக் குறும்படத்தில் பின்னால் ஒரு பெரிய பாடகர் குழுவும் உண்டு. 1925 தட்டையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்ல பரிசோதனை: துணையிசை பெருகியிருக்கிறது, குரலின் அடிப்பகுதி கூடுதலாகக் கேட்கிறது, சொல்லை உடைக்கும் விதமும் மூச்சு விடும் இடமும் அதே பெஸ்ஸி.

பொருளாதார மந்தத்தில் இசைத்தட்டு வணிகம் சரிந்ததும் 1931இல் கொலம்பியா அவரை விட்டது. தயாரிப்பாளர் ஜான் ஹேமண்டின் ஏற்பாட்டில் 1933 நவம்பர் 24 அன்று கடைசியாக நான்கு பாடல்கள் பாடினார். ஜாக் டீகார்டன், சூ பெர்ரி போன்ற புதிய தலைமுறையினர் ஸ்விங் நடையில் வாசிக்க, பத்தாண்டுக்கு முந்தைய அதே மையச் சுர முறை அந்தத் துள்ளலிலும் இயல்பாக உட்கார்ந்துவிடுகிறது.

மூன்று நாள் கழித்து, அதே ஹேமண்டின் முயற்சியில் பதினெட்டு வயது பில்லி ஹாலிடே தம் முதல் தட்டைப் பாடினார். மைக் முன்னாலேயே இருந்தது. ஆனாலும் உயர்ந்த சுருதியில் குரல் இறுகி ஒலிக்கிறது. மைக்கோடு பேசுவதுபோல் பாடும் ஹாலிடேயை 1935இல் டெடி வில்சன் குழுவோடு செய்த பதிவுகளில்தான் சந்திக்கிறோம். அங்கே தாளத்துக்குப் பின்னால் நிற்கும் அந்தச் சொற்களுக்கு முன்மாதிரி தேடினால், கருவியிடம் போகத் தேவையில்லை; சிறுவயதில் பால்டிமோரில் தாம் கேட்ட பெஸ்ஸியின் தட்டுகளையும் ஆம்ஸ்ட்ராங்கின் தட்டுகளையும் ஹாலிடேயே அடையாளம் காட்டியிருக்கிறார்.