வீழ்ச்சிக்கு ஒரு சாட்சி

புதுதில்லியில் சப்தர்சங் கல்லறைக்கு அருகே, அரவிந்தர் சாலையின் ஓரமாக, பழைய விமான நிலையம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் அது வில்லிங்டன் பிரபுவின் பெயரால் வழங்கிற்று. பயணி விமானங்கள் அங்கே இறங்குவது நின்று நெடுங்காலம் ஆகிறது. அன்றாடம் அவ்வழியே பேருந்தில் போவோருள் எத்தனை பேர், நம் நாட்டில் வானிலிருந்து குதிக்கும் கலை பயிற்றப்பட்ட முதற் பள்ளி அந்த வேலிக்கு அப்பால் இருந்தது என்பதை அறிவர்?

1941-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியப் படையின் 50-ஆவது பாரசூட் பிரிகேடு தில்லியில் உருவாயிற்று. அதன் வீரர்களுக்கெனவே இப்பள்ளி ஏற்பட்டது. இரட்டை இறக்கை கொண்ட ‘வாலன்ஷியா’ என்னும் பழைய விமானங்களே அப்போது கிடைத்தவை. இந்தியருள் முதன்முதல் குதித்தவர்கள் இருவர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் லெப்டினென்ட் ஏ. ஜி. ரங்கராஜ், ஆர்க்காட்டுப் பெயர் தாங்கியவர், படைமருத்துவர். ரங்கராஜ் பின்னர்க் கொரியப் போரில் 60-ஆவது பாரசூட் மருத்துவப் பிரிவின் தலைவராகச் சென்றார். 1951 மார்ச்சில் அமெரிக்க வீரர்களுடன் முன்சான் பகுதியில் வான்வழி இறங்கிய அவர், மகாவீர சக்கரமும் பெற்றார். இங்கு நாம் கருத வேண்டியது போர்க்களத்தை அன்று, பயிற்சிக்களத்தை.

அக்காலப் பயிற்சியில் மாணவன் தன் பாரசூட்டைத் தானே விரிப்பதில்லை. விமானத்தோடு பிணைத்த நாடா ஒன்று, அவன் வெளியே பாய்ந்ததும் இழுபட்டு அதனை விரித்துவிடும். ஆயிரம் அடி உயரத்திலிருந்து தரையைச் சேர ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். வாயிலில் நிற்கும் ஆசிரியர் மாணவனைக் காண்பது ஒரு கணமே. காற்று அவனை அப்பால் அடித்துச் சென்றுவிடும். தரையில் ஒலிபெருக்கிக் குழலுடன் நிற்கும் மற்றோர் ஆசிரியரோ, “கால்களைச் சேர், முழங்கால்களைச் சேர்!” என்று கூவுவார். மாணவன் செய்த பிழைக்கு இவ்விருவர் கண்களே சாட்சி. அதற்கு மேல் முறையீடு இல்லை.

பள்ளி 1942-இல் இராவல்பிண்டியை அடுத்த சக்லாலாவுக்குப் போயிற்று. நாடு பிரிந்தபின் ஆக்ரா அதன் இடத்தைப் பெற்றது. 1959-இல் விமானப்படை மருத்துவர் கீதா சந்தா அங்கே குதித்து, இந்தியப் பெண்களுள் முதல்வரானார். முதலில் குதித்த ஆடவர் இருவருள் ஒருவரும் மருத்துவர், முதற் பெண்மணியும் மருத்துவர் என்பது எண்ணி மகிழத்தக்க ஒற்றுமை.

பிணைப்பு நாடாவை விட்டு, மாணவன் நெடுந்தூரம் வெறுமனே வீழ்ந்து, தானே பாரசூட்டை விரிக்கும் முறை வந்தபோதுதான் சாட்சியின் சிக்கல் பெரிதாயிற்று. அவ்வாறு வீழ்பவன் நினைவிழந்துவிடுவான் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினர். 1919 ஏப்ரல் 28-இல் லெஸ்லி இர்வின் என்னும் அமெரிக்கர் தாமே குதித்துத் தாமே கயிற்றை இழுத்து, அந்நம்பிக்கையைப் பொய்யாக்கினார். இறங்கும்போது கணுக்கால் முறிந்தது, நினைவு தவறவில்லை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் ஆதலின் ஈண்டு ஒரு சொல் கூறி மேற்செல்கிறேன். ‘பாரசூட்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு வீழ்ச்சியினின்று காப்பது என்று பொருள். நம்மவர் அதை ‘வான்குடை’ என்றனர், அழகிய ஆக்கம். ஆனால் குடை விரியுமுன் உள்ள நிலைக்கு என்ன பெயர் இடுவது? ‘தடையற்ற வீழ்ச்சி’ என்று சிலர் எழுதுகின்றனர். உண்மையில் தடை உண்டு; காற்றே தடை. வயிறு நிலத்தை நோக்கக் கைகால்களை விரித்து வீழ்பவன், பத்துப் பன்னிரண்டு நொடிகளில் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தை அடைகிறான். அதன்பின் காற்றின் எதிர்ப்பு அவன் எடைக்கு ஈடாகி, வேகம் மேலும் ஏறாது நிற்கிறது. அக்காற்றின்மேல் உடலைச் சாய்த்தும் வளைத்தும் திரும்பக் கற்பதே பயிற்சி.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு புதுமுறை பரவிற்று. முதற் குதிப்பிலேயே மாணவனை உயரத்திலிருந்து வீழவிடுவர். ஆனால் இருபுறமும் இரண்டு ஆசிரியர்கள் அவனைப் பற்றிக்கொண்டே உடன் வீழ்வர். பேச்சு காதில் விழாது, கைச்சைகைதான் பாடம். கால் மடங்கினால் ஒரு சைகை, உயரமானியைப் பார்க்க மறந்தால் வேறொன்று. முக்கால் நிமிடத்திற்குச் சற்று மேல் நடக்கும் வகுப்பு அது. அதில் மாணவன் மனம் அச்சத்தாலும் ஆரவாரத்தாலும் நிரம்பி வழிவதால், தரைக்கு வந்தபின் அவனுக்கு நினைவிருப்பது மிகச் சிறிதே. “கால்கள் மடங்கியிருந்தன” என்பார் ஆசிரியர். “இல்லை ஐயா, நீட்டித்தான் இருந்தேன்” என்பான் மாணவன். இருவரும் மெய்யே பேசுவதாக நம்புவர்.

இவ்வழக்கைத் தீர்க்க வந்ததே தலைக்கவசத்தில் பொருத்திய படப்பிடிப்புக் கருவி. அதனை வானில் சுமந்தவர்களுள் முன்னோடி கார்ல் போனிஷ். 1969-இல் ஜான் பிராங்கன்ஹைமர் இயக்கி வெளிவந்த ‘ஜிப்சி மாத்ஸ்’ என்ற திரைப்படத்தின் வான்காட்சிகளில் அவர் பங்கு உண்டு. ஆயினும் படச்சுருள் வகுப்பறைக்கு உதவாது. அதைக் கழுவி எடுத்துக் காண்பதற்குள் மாணவன் அடுத்த பிழைக்குப் போய்விடுவான். வீடியோ நாடா வந்தபின்தான், இறங்கிய சிறிது நேரத்தில் ஆசிரியரும் மாணவனும் ஒரு திரைமுன் அமர்ந்து, நிறுத்தியும் திருப்பியும் பார்ப்பது இயல்வதாயிற்று. தன் கால் மடங்கியிருப்பதைத் தானே கண்ட மாணவனுக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டுவதில்லை.

இந்நன்மைக்கு விலையும் இருந்தது. 1988 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஓர் ஆசிரியரும் மாணவரும் குதிப்பதைப் படம் எடுக்க மூன்றாமவர் ஒருவர் உடன் பாய்ந்தார். எண்ணூறு முறைக்கு மேல் குதித்த அனுபவசாலி. கவசத்தின்மேல் கருவி, முதுகில் அதன் பதிவுப் பெட்டி. ஆனால் பாரசூட்டை அவர் அணிந்திருக்கவில்லை. முதுகுச் சுமையைப் பாரசூட்டின் சுமையென்றே மயங்கியிருக்கலாம் எனப் பின்னர்க் கருதினர். ஆசிரியரும் மாணவரும் நலமே இறங்கினர். படம் எடுத்தவர் மாண்டார். புதியவன் ஒருவன் இப்பிழையைச் செய்திருக்க மாட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது. அஞ்சுகிறவன் தன் முதுகைப் பத்து முறை தடவிப் பார்ப்பான். படம் நன்றாக அமைய வேண்டும் என்ற நினைவு குடிகொண்ட நெஞ்சில்தான் மற்ற நினைவுக்கு இடமில்லாமற் போகிறது.

அமெரிக்கப் பாரசூட் சங்கம், இருநூறு குதிப்புகளேனும் முடித்த பின்னரே கருவி அணியலாம் எனப் பரிந்துரைக்கிறது. கருவி தீப்பெட்டியளவாய்ச் சுருங்கிய பின்னும் அவ்விதி தளரவில்லை. சிறுமையால் எடை குறைந்ததே தவிர, விரியும் பாரசூட்டின் கயிறு அதில் சிக்கும் அபாயம் நீங்கவில்லை. கவனம் சிதறும் அபாயமோ கருவியின் அளவைப் பொறுத்ததன்று.

கருவி சிறுத்ததால் மூன்றாமவர் வேண்டாதவரானார். ஆசிரியரே அதனை அணியத் தொடங்கினார். இதில் இருவகை உண்டு. ஆசிரியர் தலையில் அணிந்த கருவி அவர் கண் செல்லும் வழியே செல்லும். மாணவனைப் பார்ப்பது அவர் கடமை. பார்த்தால் படமும் தானே அமையும். இதில் குறை காண்பது அரிது. இருவர் ஒரே பாரசூட்டில் பிணைந்து குதிக்கும் முறையில், ஆசிரியர் மணிக்கட்டில் அணியும் கருவி வேறு வகையானது. அங்கே அவர் குதித்தவுடன் வேகத்தை அடக்கும் சிறு பாரசூட்டை எறிய வேண்டும். உயரம் பார்க்க வேண்டும். உரிய நேரத்தில் பிடியை இழுக்க வேண்டும். இவற்றுக்கிடையே ஒரு கையை நீட்டி முன்னிருப்பவரின் சிரிப்பையும் பிடிக்க வேண்டும். பயிற்சியில் எடுத்த படம் பாடம். இதுவோ பயணி விலை கொடுத்து வாங்கும் பண்டம். வாங்கக் கூடாதென்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே விதியால் அளக்கத்தக்கன அல்ல என்கிறேன்.

நம் நாட்டிலும் இது தொலைவான செய்தியன்று. விமானப்படையின் ‘ஆகாச கங்கை’ என்னும் வான்குதிப்புக் குழு 1987-இல் அமைந்தது. பொதுமக்களுக்கான குதிப்புத் தளம் ஒன்று தில்லிக்குத் தென்மேற்கே, அரியானாவின் நார்னௌலில் நடைபெறலாயிற்று. 2024 ஜூலை 13-இல், உலக வான்குதிப்பு நாளன்று, மத்தியச் சுற்றுலா அமைச்சர் கஜேந்திர சிங் ஷெகாவத் அங்கே ஓர் ஆசிரியருடன் பிணைந்து குதித்தார். அதற்கு ஈராண்டு முன்னர், 2022 ஜூனில், தேசிய வான் விளையாட்டுக் கொள்கை வெளியாயிற்று. பதினொரு விளையாட்டுகளை அது எடுத்துக்கொண்டது; வான்குதிப்பு அவற்றுள் அடங்கும். அதனை வெளியிட்ட சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் இருப்பது இராஜீவ் காந்தி பவனில். வாலன்ஷியா விமானங்கள் நின்ற அதே பழைய விமான நிலையத்தின் ஓரத்தில்.