பாம்புக்குப் போர்வை

லண்டன் மிருகக்காட்சிசாலையின் பழங்கதைகளுள் ஒன்று, அங்கிருந்த போவா பாம்பு தன் போர்வையை விழுங்கிய கதை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடந்தது. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கூண்டினுள் ஒரு கம்பளியை இட்டிருந்தனர். இரையென்று எண்ணியதோ என்னவோ, பாம்பு அதை முழுவதுமாக விழுங்கிவிட்டது. வாரக்கணக்கில் வயிற்றிலேயே வைத்திருந்து, பின்னர் ஒருநாள் கக்கியது. கேட்போர் பாம்பின் அசட்டுத்தனத்தை எண்ணிச் சிரிப்பர். நமக்குத் தோன்றும் கேள்வி வேறு. பாம்புக்கு எதற்குப் போர்வை?

கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. போர்த்தியிருக்கும் உடல் உண்டாக்கும் வெப்பத்தை வெளியேறாமல் தடுப்பதொன்றே அதன் வேலை. தன்னுடலில் வெப்பத்தைப் பேரளவில் உண்டாக்கிக்கொள்ள இயலாத பாம்பைக் கம்பளியால் மூடுவது, அடுப்பில் நெருப்பில்லாமல் பானையை மூடிவைப்பதற்கு ஒப்பாகும். அன்போடு செய்த காரியந்தான். ஆனால் மனிதன் தன் குளிரையே பாம்பின் மேல் ஏற்றிப் பார்த்த காரியம். கூண்டுப் பாம்பின் வரலாறு நெடுகிலும் இந்தப் போர்வையை நாம் வெவ்வேறு வடிவில் சந்திக்கிறோம்.

உலகிலேயே முதன்முதலாக ஊர்வனவற்றுக்கெனத் தனிக்கூடம் ஒன்றைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது இதே லண்டன் மிருகக்காட்சிசாலை. ஆண்டு 1849. வெப்ப நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த பாம்புகளை லண்டன் குளிர்காலத்தில் உயிரோடு வைத்திருப்பது பெரும்பாடு. அக்காலத்தார் கண்ட வழி, கூடம் முழுவதையும் சூடாக்குவது. பாம்பு எங்கிருந்து வந்ததென்று பார். அந்த ஊரின் வெப்பநிலை என்னவென்று கேள். அறையில் அதைக் கொண்டுவந்துவிடு. கணக்கு சரியாகத்தான் தோன்றுகிறது. ஆயினும் பாம்புகள் இரை எடுக்க மறுத்தன, சட்டையைத் துண்டு துண்டாக உரித்தன, மார்ச்சளி கண்டு மாண்டன. பாம்பு கூண்டில் வாழாத நலிந்த பிராணி என்ற முடிவுக்கு வருவது எளிதாயிற்று.

இதற்கு மாறான சான்று ஒன்று அதற்கு முன்பே பாரிஸில் கிடைத்திருந்தது. இந்தியாவுக்கு வந்து சென்ற லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுப் பயணி, இங்குள்ள மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு உடல் வெப்பத்தால் அடைகாக்கிறது என்று 1830களில் பாரிஸ் அறிஞர் சபைக்கு எழுதினார். ஊர்வனவற்றை ஆராய்வதில் அன்று பெரும்புகழ் பெற்றிருந்த துமெரில் உள்ளிட்டோர் அதை நம்பவில்லை. குளிர் இரத்தப் பிராணி எப்படி அடைகாக்கும்? பயணிகள் கதை என்று ஒதுக்கினர். 1841 மே மாதத்தில் பாரிஸ் அருங்காட்சியகத் தோட்டத்திலிருந்த மலைப்பாம்பே 15 முட்டைகளை இட்டு, அவற்றைக் கூம்பாகச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ இரண்டு மாதம் அசையாமல் கிடந்தது. வலான்சியன் என்ற விலங்கியலார் அதன் உடல் மடிப்புகளுக்கிடையே வெப்பமானியைச் செருகிப் பார்த்தார். சுற்றியிருந்த காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாக இருந்தது. எட்டுக் குஞ்சுகள் வெளிவந்தன.

பயணியின் சொல் மெய்யாயிற்று. ஆனால் அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது என்பது விளங்க மேலும் 125 ஆண்டுகள் தேவைப்பட்டன. இடையில் 1862இல் லண்டனில் ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்று நூறு முட்டைகள் அளவில் இட்டு அடைகாத்தது. ஒரு குஞ்சும் பொரியவில்லை. 1966இல்தான் நியூயார்க் மிருகக்காட்சிசாலையில் ஆய்ந்தவர்கள் உண்மையைக் கண்டனர். அடைகாக்கும் தாய் தன் தசைகளை விட்டுவிட்டுச் சுருக்கித் துடிக்கிறது. குளிர் மிகும்போது துடிப்பும் மிகுகிறது. நாம் குளிரில் நடுங்குவது போன்றதுதான். ஆக, போர்வை பயன்படக்கூடிய பாம்பு ஒன்றே ஒன்று உண்டு, அது அடைகாக்கும் தாய் மலைப்பாம்பு. அதுவோ தானே தன் முட்டைகளுக்குப் போர்வையாகிவிடுகிறது!

'குளிர் இரத்தம்' என்ற தொடர் நம் பள்ளி நூல்களிலும் நெடுங்காலம் வழங்கிவந்தது. கற்பிப்பவர் என்ற முறையில் இதனைச் சொல்லக் கூச்சமாகத்தான் உள்ளது. வெயில் காய்ந்த பாம்பின் இரத்தம் நம் இரத்தத்தினும் பெரிதும் குளிர்ந்ததன்று. வெப்பத்தை உள்ளிருந்து பெறாமல் வெளியிலிருந்து பெறுகிறது என்பதே வேறுபாடு. ஒரு சொல் பிழைபட்டால் ஒரு நூற்றாண்டுக் கூண்டுகள் பிழைபடுகின்றன.

பிழையைத் திருத்தத் தொடங்கியவர் ஒரு பெண். ஜோன் புரோக்டர் 1897இல் பிறந்தவர். பள்ளி நாளிலேயே முதலைக்குட்டி ஒன்றை வளர்த்தவர். இளமை முதலே நோயாளி. பல்கலைக்கழகப் படிப்புக்கு உடல் இடங்கொடுக்கவில்லை. புகழ்பெற்ற ஊர்வனவியலார் பூலஞ்சேயிடம் பணிபுரிந்து பயின்று, 1923இல் லண்டன் மிருகக்காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளரானார். 1927இல் திறக்கப்பட்ட புதிய ஊர்வனக்கூடம் அவர் வகுத்த திட்டம். அக்கூடத்தின் சிறப்பை ஒரு வரியில் சொல்வதானால், கட்டடத்தைச் சூடாக்குவதை விடுத்துக் கூண்டுக்குள் ஓரிடத்தைச் சூடாக்கியது எனலாம். மின்சாரம் அதற்கு வழிசெய்தது. கூண்டுக்குக் கூண்டு வேறு வெப்பம். ஒரே கூண்டினுள்ளும் ஒரு மூலை சூடு, மறு மூலை ஆறுதல். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் உள்ளே வரும்படி தனிவகைக் கண்ணாடி. பார்வையாளர் நிற்குமிடம் மங்கலாகவும் கூண்டு ஒளியோடும் இருக்கும்படியான அமைப்பு. கூடம் திறந்து நான்கே ஆண்டுகளில், 34 வயதில் அவர் மறைந்தார். அவருடைய கூடம் அவருக்குப் பின் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நின்று பயன்பட்டது.

புரோக்டர் அனுபவத்தால் உணர்ந்ததை அளந்து காட்டியவர்கள் அமெரிக்கர்களான கௌல்ஸும் போகெர்ட்டும். கலிபோர்னியப் பாலைவனத்தில் பல்லிகளையும் பாம்புகளையும் அடைப்புகளில் விட்டு, அவற்றின் உடல் வெப்பத்தை அளந்து 1944இல் கட்டுரை வெளியிட்டனர். ஊர்வன வெயிலுக்கும் நிழலுக்குமாக இடம் மாறி மாறித் தம் உடல் வெப்பத்தைக் குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொள்கின்றன என்று அது காட்டியது. விரும்பும் வெப்பத்துக்கும் கொல்லும் வெப்பத்துக்கும் இடைவெளி சில டிகிரிகளே. பாலைவனத்துப் பாம்பே ஆனாலும் நிழலின்றி நண்பகல் வெயிலில் சிக்கினால் சில நிமிடங்களில் மடியும். அதன் ஊரின் வெப்பநிலை என்னவென்று கேட்ட பழைய கேள்வியே தவறு. ஊருக்கு ஒரு வெப்பநிலை இல்லை. பாறைக்கு மேல் ஒன்று, பாறைக்கு அடியில் ஒன்று, வளைக்குள் ஒன்று. பாம்பு வாழ்வது இவற்றுக்கிடையே. சீராகச் சூடேற்றிய கூடத்தில் இரை செரிக்க வேண்டிய பாம்புக்கும் சட்டை உரிக்கக் காத்திருக்கும் பாம்புக்கும் ஒரே சூடு, விலகிப்போக இடமில்லை.

இனி ஈரப்பதம். வெப்பத்தினும் தாமதமாகவே மனிதன் கவனித்த பொருள் இது. கருவி இல்லாமலில்லை, மனிதத் தலைமயிர் ஈரத்தில் நீளும் என்பதைக் கொண்டு சொஸ்யூர் ஈரமானி செய்து 1783இலேயே நூல் எழுதிவிட்டார். லண்டன் மருத்துவர் வார்டு 1829இல், கூட்டுப்புழுவை வைத்து மூடிய கண்ணாடிக் குப்பியில் பெரணிச் செடி தானாக முளைத்து வாடாமல் நிற்பதைக் கண்டார். அதிலிருந்து பிறந்த மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் செடிகள் கடல் கடந்தன. செடிக்குத் தெரிந்த இந்த உபாயம் பாம்புக்கு வந்து சேர நெடுங்காலமாயிற்று.

சூடேற்றிய அறையின் கேடு இங்கேதான் ஒளிந்திருந்தது. 5 டிகிரி குளிரில் நீராவி நிறைந்து நிற்கும் லண்டன் பனிக்காற்றை உள்ளே விட்டு 28 டிகிரிக்குச் சூடேற்றினால், அதன் ஈரப்பதம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். நீராவி குறையவில்லை, சூடான காற்றின் கொள்ளளவு பெருகிவிட்டது. வெளியே மூடுபனி, உள்ளே பாலைவனம். சட்டை துண்டு துண்டாக உரிந்ததற்கும், கண்ணை மூடியிருக்கும் கண்ணாடித் தோல் உரியாமல் ஒட்டிக்கொண்டதற்கும் இந்த வறட்சி முதன்மைக் காரணம். இதையறிந்தபின் தரை முழுவதையும் நனைத்துவைத்தவர்களும் உண்டு. அவர்களுடைய பாம்புகளுக்கு வயிற்றுச் செதில்களில் கொப்புளம் கண்டது. காற்றில் ஈரம் வேண்டும், படுக்கையில் வேண்டாம். ஈரப்பாசி இட்ட சிறு மறைவுப்பெட்டி ஒன்றைக் கூண்டின் மூலையில் வைப்பது இன்றைய வழக்கம். பாம்பு சட்டை உரிக்கும் காலத்தில் தானே அதனுள் போகிறது.

அந்தப் பெட்டி வேறொன்றுமன்று, புற்றுதான். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்ததாக நம் பழமொழி குறைபட்டுக்கொள்ளும். பிறர் உழைப்பைச் சுரண்டுபவனுக்கு உவமையாக அதைச் சொல்லிச் சொல்லி, பாம்பு ஏன் புகுந்தது என்று கேட்க மறந்துவிட்டோம். வெளியே கோடை கொளுத்தும்போதும் புற்றின் உட்புறம் குளிர்ந்து ஈரங்காத்து நிற்கும். இன்று மேலைநாட்டு வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பந்து மலைப்பாம்பும் தன் சொந்த மேற்கு ஆப்பிரிக்க மண்ணில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் ஒதுங்குவதே. அதைச் சூடான விளக்கின் கீழ், வலை மூடியிட்ட கண்ணாடித் தொட்டியில் வைத்தால் என்னாகும் என்பதை மேலே பார்த்தோம்.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடந்தரவில்லை, தருவதும் வேண்டாம். சட்டத்தின் அனுமதியோடு பாம்புகளைச் சிலகாலம் வைத்திருப்போர் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். நஞ்சுமுறி மருந்துக்காக நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, மணல் இட்ட மண்பானைகளில் வைத்து, வாயைத் துணியால் கட்டிவிடுவர். வெப்பமானி இல்லை, மின்சாரம் இல்லை. மண்பானை தண்ணீரைக் குளிர்விக்கும் வித்தை நாம் அறிந்ததே. மணல் வெப்பத்தைத் தாங்கும். துணி காற்றை விடும், ஒளியை மட்டுப்படுத்தும். புற்றைப் பலகாலம் தோண்டிப் பார்த்த கைகள் அமைத்த கூண்டு அது. ஆயினும் பானைக்குள் சூடான மூலை என்றும் குளிர்ந்த மூலை என்றும் இரண்டு இல்லை. பாம்பு இடம் மாற இயலாது. அங்கே ஒரு பாம்பை ஒருமாதம் அளவுக்கே வைத்திருப்பர். வாரம் ஒருமுறையாக நான்கு தடவை நஞ்செடுத்தபின் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடுவர். துணியை அவிழ்த்துப் பானையைச் சாய்த்ததும் அது முதலில் தேடுவது ஒரு வளையை.